நியாண்டெங்குக்குத் தெரிந்த கீதம்

நியாண்டெங்கும் இலங்கைத் தமிழ்ப் பெண் மயூராவும் மெல்பனின் நோபல் பார்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்து வேலை செய்கிறவர்கள். 2024 ஜூலையில் ஒரு ஞாயிறு மாலை நியாண்டெங் அவளைத் தன் வீட்டுக்கு அழைத்திருந்தாள். நியாண்டெங்கின் நாடான தென் சூடான் ஒலிம்பிக்கில் முதன்முறையாகக் கூடைப்பந்து ஆடுகிறது. நாடு பிறந்ததே 2011இல்தான். 2016இல் மூன்று ஓட்டக்காரர்கள் மட்டும் அந்தக் கொடியோடு ஒலிம்பிக்குக்குப் போனார்கள். இப்போது ஒரு முழு அணி.

மயூரா கட்லட் பொரித்துக்கொண்டு போனாள். வரவேற்பறை முழுக்க உறவினர்கள். நியாண்டெங்கின் மகள் அச்சோல், பதினேழு வயது, கன்னங்களில் கொடியின் நிறங்களைப் பூசியிருந்தாள்.

அணிகள் வரிசையில் நின்றன. தேசிய கீதம் தொடங்கியதும் வீட்டிலும் எல்லோரும் எழுந்தார்கள். சில நொடிகளில் அறை உறைந்துபோயிற்று. ஒலித்தது சூடானின் கீதம். எந்த அரசோடு போரிட்டுப் பிரிந்தார்களோ, அந்த அரசின் கீதம். ஒரு மாமா தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தினார். அங்கே அரங்கிலும் கூச்சல் கிளம்பியது.

மயூரா தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாள். நியாண்டெங் பாடிக்கொண்டிருந்தாள். மெல்லிய குரலில், சொல் தவறாமல்.

அச்சோலும் பார்த்துவிட்டாள்.

"மம், நீங்கள் இதையா பாடுகிறீர்கள்?" என்றாள் ஆங்கிலத்தில்.

நியாண்டெங் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சில நிமிடங்களில் சரியான கீதம் வந்தது. அச்சோலின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டது. நியாண்டெங் நெஞ்சில் கைவைத்து, உதடு அசையாமல் நின்றாள். அந்தக் கீதம் பிறக்குமுன்பே, 2004இல், அவள் மெல்பனுக்கு வந்துவிட்டாள்.

ஆட்டம் தொடங்கியதும் அவள் குசினிக்குள் போனாள். மயூரா பின்னால் போனாள்.

"கார்ட்டூமில் பள்ளிக்கூடத்தில் தினமும் பாட வேண்டும்," என்றாள் நியாண்டெங், கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவியபடி. "அரசு ஆட்கள் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போன மறுநாளும் பாடினேன். இன்றைக்கு யாரும் பாடச் சொல்லவில்லை. வாய் தானாகப் பாடிவிட்டது."

"எனக்கும் அப்படி ஒன்று மனப்பாடம்," என்றாள் மயூரா.

தென் சூடான் வென்றது. அச்சோல் அறையில் இருந்த ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்தாள். தாயைத் தவிர.

காரில் ஏறியதும் கணவன் விக்னராஜா தொலைபேசியில் அழைத்தான்.

"மேட்ச் வெண்டவையோ?"

"ஓம், வெண்டவை."

"பிறகேன் குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"உங்களுக்கு இலங்கைத் தேசிய கீதம் இன்னும் பாடமோ?"

"பள்ளிக்கூடத்தில பாடினது எப்பிடி மறக்கும்? ஏன் இப்ப அதைக் கேக்கிறீர்?"

"சும்மாதான். வாறன், வையுங்கோ."

செவ்வாய்க்கிழமை வேலையில் நியாண்டெங்கைக் கண்டாள். கண்கள் வீங்கியிருந்தன.

"அச்சோல் கேட்டாள், அந்தக் கீதத்தை எங்கே படித்தீர்களென்று. என் அப்பாவைப் பற்றி இதுவரை அவளிடம் சொன்னதில்லை. எல்லாம் சொன்னேன்."

"அவள் என்ன சொன்னாள்?"

"எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நேற்றும் பேசவில்லை. பாடியதற்கா, இத்தனை நாள் மறைத்ததற்கா, தெரியவில்லை."

அழைப்பு மணி அடித்தது. இருவரும் எட்டாம் அறைக் கிழவரைக் குளிப்பாட்டப் போனார்கள்.