கடுகுக்கேற்ற பை

கடுகு என்று பெயர் வைத்தது கட்டிய கணவன்தான். மருந்துக்கடையில் மேல்தட்டு மாத்திரைக்கு ஸ்டூல் போட்டு ஏறுகிறவளுக்கு அவன் வேறென்ன பெயர் வைப்பான்? அவளும் சளைத்தவள் இல்லை. "காரம் இருக்குல்ல, போதும்" என்று சிரித்துவிட்டுப் போவாள்.

இந்த முறை சிரிப்பு வரவில்லை. விடிந்தால் மலைப் பயணம். கூட்டிப் போகிறவர் கறாராகச் சொல்லிவிட்டார், தோளை அறுக்கிற பையோடு வந்தால் அடிவாரத்திலேயே விட்டுவிட்டுப் போவாராம். ஒத்திகை நடையில் இரவல் பை ஒன்று அவள் தோளைப் பிய்த்து எடுத்திருந்தது. அதுவும் சின்ன அளவுதான். இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறிக்கொள்ள, பாரம் முழுக்கத் தோளில். "உன் உடம்புக்கு மலையெல்லாம் ஒத்துவராது, விடு" என்றான் கணவன். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. தானும் மலைக்கு வருவதாக இருந்த நாத்தனாரை இழுத்துக்கொண்டு பை விற்கிற கடைக்கு வந்துவிட்டாள்.

நாத்தனார் பனைமரத்தில் பாதி. விற்பனைப் பெண் இருவரையும் ஏற இறங்கப் பார்த்து, கடுகுக்குச் சின்னதும் நாத்தனாருக்குப் பெரியதும் மாட்டி, உள்ளே மணல் மூட்டையும் வைத்தாள். கடுகுக்குப் பழைய கதைதான், பட்டை வயிற்றில். நாத்தனாருக்கோ அது நழுவித் தொடைக்கு வந்துவிட்டது. அலுத்துப்போய் இரண்டையும் கழற்றிவிட்டு, செருப்பு போட்டுப் பார்க்கிற பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கடுகுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் எதிர்க் கண்ணாடியைப் பார்த்தாள்.

"ஏய், எந்திரிக்காத! அப்படியே இரு!"

"என்ன அண்ணி?"

"கூன் போடாம நிமிர்ந்து உட்காரு."

"நிமிர்ந்துதான் இருக்கேன்."

கண்ணாடியில் நாத்தனாரின் தலையைவிடக் கடுகின் தலை ஒரு விரற்கடை மேலே நின்றது.

"அப்போ உன் உசரமெல்லாம் காலுல இருக்குடி! பையைக் காலா சுமக்குது? முதுகுதானே!"

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்க குடும்பத்துக்கே காலுதான் அண்ணி!"

விற்பனைப் பெண் டேப்பை எடுத்து, பிடரி எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை இருவரையும் அளந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சாரி மேடம், ஆளைப் பார்த்துக் குடுத்துட்டேன். உங்க முதுகுதான் நீளம்."

பைகள் கை மாறின. பட்டை கச்சிதமாக இடுப்பெலும்பில் உட்கார்ந்ததும் கடுகுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மணல் மூட்டை உள்ளேதான் இருந்தது, தோளுக்கு அது தெரியவே இல்லை. கடையை ஒரு சுற்று சுற்றினாள். மாடிப்படியில் ஏறி இறங்கினாள். போதாதென்று கடைசிப் படியிலிருந்து குதித்தும் பார்த்தாள். மலையை இப்போதே கொண்டு வந்து நிறுத்தினாலும் ஏறிவிடுவாள் போலிருந்தது.

வாங்கிய பையைக் கழற்ற மனமில்லாமல் மாட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்த கணவன் வாயைப் பிளந்தான்.

"என்ன இது, பை மட்டும் நடந்து வருது? அளவு தெரியாம யாரு உன் தலையில கட்டுனாங்க?"

கடுகு நேரே போய் அலமாரிக் கண்ணாடிக்கு எதிரே இருந்த சோபாவின் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

"முதல்ல இப்படி வந்து உட்காருங்க, சொல்றேன்."