மதில் தாண்டிய கம்பி

மாலை வெயில் தணிந்து, நெடுந்தெருவின் இரு மருங்கிலும் இருந்த ஓட்டு வீடுகளின் நிழல்கள் ஒன்றையொன்று தொட நீண்டு, பணிமனை விட்டு வருவோர் மிதிவண்டிகளை உருட்டிக்கொண்டு பேசியபடி நடக்க, ஊர் ஒருமுறை மூச்சு வாங்கிக்கொள்ளும் வேளை. அத்தெருவின் கோடியில், சுண்ணம் உதிர்ந்த மணிக்கூண்டோடு ஒரு சிலுவைக்கோயில் நின்றது. கோயிலின் பின்னே, தீரா நோயுற்றுக் கேட்பாரற்றுப் போனவர்களுக்காகப் பன்னிரண்டு கட்டில்கள் இட்ட நீண்ட கூடம் ஒன்று. கூடத்தை ஒட்டி ஆளுயர மதில். மதிலுக்கு அப்பால் ஒரு தையற்காரரின் வீடு. கூடத்துச் சாளரத்தில் புறப்பட்டு, மதிலின் மேல் ஏறி, அவ்வீட்டுக்குள் இறங்கியது ஒரு கறுப்பு மின்கம்பி. படிப்பவரே, நான் சொல்ல வந்தது அக்கம்பியின் கதைதான்.

அதை இழுத்தவர் கோயிற்பிள்ளை. மணி அடிப்பதும் விளக்கு ஏற்றுவதும் கதவு பூட்டுவதும் அவர் பணி. மணம் செய்துகொள்ளாதவர்; இரக்கம் மிக்கவர்; தம் சோற்றில் பாதியைப் பிறர்க்கு எடுத்துவைத்துவிட்டே உண்ண அமர்பவர். அவரிடம் குறை என்று ஒன்றுண்டெனில், நல்லது செய்தால் அதை நாலு பேரிடம் சொல்லாமல் அவருக்கு இருப்புக்கொள்ளாது என்பதே.

தையற்காரரின் மனைவிக்கு நுரையீரல் பழுதுபட்டிருந்தது. பகலும் இரவும் மூச்சுப்பொறி ஓடினாலன்றி அவளால் உயிர் தரிக்க இயலாது. அதற்கு வேண்டிய மின்னுக்கு முழுக்கட்டணம் செலுத்த ஒரு தையற்பொறியின் உழைப்பு போதவில்லை. கோயிலுக்கோ, அறப்பணி செய்யும் இடம் என்பதால், பாதிக் கட்டணம். கோயிற்பிள்ளை பங்குத்தந்தையிடம் ஒரு சொல் கேட்டார், அவர் தலையசைத்தார், அன்றே கம்பி மதில் தாண்டியது. அதன்பின் ஈராண்டு, அவள் தன் வீட்டில், கணவர் அருகே அமர்ந்து, அவர் தைத்த சட்டைகளுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டு வாழ்ந்தாள்.

அம்மாலையில் மின்வாரிய ஆய்வாளர் வந்தார். சலுகை பெறும் இடங்களை ஆண்டுக்கொரு முறை பார்த்துச் செல்லும் அம்மையார், சிடுசிடுப்பு அறியாதவர். முன் ஆண்டு போலவே கூடத்தை உள்ளே மட்டும் சுற்றிப் பார்த்து நிறைவோடு கையொப்பமிட எழுதுகோலைத் திறந்தார். அத்துடன் விட்டிருக்கலாம். கோயிற்பிள்ளைக்குத்தான் வாய் நிற்கவில்லை.

"எல்லாரும் உள்ள செய்யறதத்தான் காட்டுவாங்க மேடம். நாங்க மதிலுக்கு வெளியவும் செய்யறோம். இப்படி வந்து பாருங்க."

தையற்காரர் மனைவியின் கதையைக் கோயிற்பிள்ளை சொல்லச் சொல்ல, ஆய்வாளர் கம்பியை நோக்கினார். பின் எழுதுகோலை மூடினார்.

"இத நீங்க எனக்குக் காட்டாமலே இருந்திருக்கலாம்."

"ஏன் மேடம்? நல்ல காரியந்தானே?"

"நல்ல காரியந்தான். ஆனா சலுகை இந்த மதிலுக்குள்ள மட்டுந்தான். போன வருஷம் ஒரு இடத்துல தொழுகைக் கூடம்னு எழுதிக் குடுத்துட்டு உள்ள பத்து கடை நடத்தினாங்க. உங்களுக்குக் குறைக்கிறத ஊர்ல இருக்கற மத்த வீடுங்கதான் சுமக்குது. இந்தத் தையற்காரர் வீடும் அதுல ஒண்ணு. நான் பார்த்தப்புறம் பார்க்கலன்னு எழுத முடியாதுங்க."

அவர் சொன்னதில் பொய் ஏதுமில்லை. சிலர் செய்த கள்ளத்துக்காகக் கட்டப்பட்ட வேலியில் கள்ளமற்றவர் கால் சிக்குவது உலகில் புதிதுமன்று. ஏழு நாளுக்குள் கம்பியை எடுக்காவிடில் பன்னிரண்டு கட்டிலுக்கும் சலுகை போய்விடும் என்றார். வாயில்வரை சென்றவர் திரும்பிவந்து, தாழ்ந்த குரலில், "கரண்டுதான் வெளிய போகக்கூடாது. ஆள் உள்ள வரலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவ்வாறே அவளைத் தூக்கி வந்து, கம்பியைச் சுருட்டி எடுத்தார்கள். மதிலோரச் சாளரத்தின் கீழ்ப் பதின்மூன்றாவது கட்டில் இடப்பட்டது. தையற்காரர் மறுநாள் காலை வந்து, கோயிற்பிள்ளையின் முன் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அண்ணே, என் மெஷின இவ கட்டில் பக்கத்துல போட்டுக்கட்டுமா? கால்ல மிதிக்கிறதுதான். கரண்டே வேணாம்."

சூடுபட்ட நெஞ்சு கோயிற்பிள்ளைக்கு. தம் வாயால் வந்த வினையை நினைந்து நினைந்து, அவர் உறங்காமல் கிடந்த நாள்கள் அவை. எந்தப் பக்கம் திரும்பினாலும் விதி ஒன்று விழித்துப் பார்ப்பதாகவே அவருக்குத் தோன்றியது.

"உள்ள தொழில் பண்ணா சலுகை போயிடும் தம்பி. உன் சம்சாரத்தோட சேர்த்து பதிமூணு பேரு. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

தையற்காரர் தம் வீட்டுக்குத் திரும்பினார். தைத்தாலன்றி அடுப்பு எரியாத வீடு அது; ஆகவே காலையும் மாலையும் அவளருகே இருந்துவிட்டு, பகல் முழுதும் மதிலுக்கு அப்பால் தம் பொறியை மிதித்துக்கொண்டிருந்தார். அவள் மதிலுக்கு இப்பால் படுத்தபடி அவ்வோசையைக் கேட்டிருந்தாள். அடுத்த கட்டிலில் கிடந்த பார்வையற்ற மூதாட்டியிடம், "இப்ப காலர் தைக்கிறாரு", "இப்ப நூல் அறுந்துபோச்சு, திட்டிக்கிட்டு இருப்பாரு" என்பாள். இருவரும் சிரிப்பார்கள். ஒருநாள் ஊசியும் நாலு பொத்தானும் கேட்டாள். கோயிற்பிள்ளை அதற்கும் அஞ்சினார்.

"அதுவும் தொழில்ல சேர்ந்துடுமோ என்னவோம்மா."

"இருபத்திரண்டு வருஷம் பக்கத்துலயே உக்காந்து வச்ச பொத்தான் அண்ணே" என்றாள் அவள். அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோயிற்பிள்ளை அழுதிருப்பார்; கேட்காததால் கோயிலுக்குள் சென்று, துடைத்த விளக்கையே மீண்டும் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான்கு திங்கள் கழிந்தன. ஒரு முற்பகல், கோயிற்பிள்ளை அவளுக்கு நீர் புகட்டிக்கொண்டிருந்தபோது, அவள் கண்கள் சாளரத்தை நாடின.

"அவரு மெஷின் நின்னுடுச்சா அண்ணே?"

நிற்கவில்லை. மதிலுக்கு அப்பால் அது தடதடவென்று ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவள் செவிதான் அடைத்துக்கொண்டிருந்தது.

"இல்லம்மா. ஓடிக்கிட்டுதான் இருக்கு."

"அப்ப சரி" என்றாள். மூச்சுப்பொறி ஓடியபடியே இருக்க, அவள் மூச்சு நின்றது.

கோயிற்பிள்ளை கூடத்தைக் கடந்து, முன்வாயில் வழியே வெளியேறி, தெருவைச் சுற்றிக்கொண்டு நடந்தார். கையெட்டும் தொலைவிலிருந்த வீட்டுக்கு அத்தனை நீண்ட வழி. வழிநெடுக அவ்வோசை அவர் காதில் விழுந்துகொண்டே இருந்தது. வாசலில் அவர் நிழல் விழவும், தையற்காரர் தலை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். பார்த்தும், தைத்துக்கொண்டிருந்த சட்டைக் கையை ஓரம்வரை தைத்து முடித்த பிறகே மிதியிலிருந்து காலை எடுத்தார்.

மறு ஆண்டு அதே பருவத்தில் ஆய்வாளர் வந்தார். மதிலோரம் வெறுமையாய்க் கிடந்த கட்டிலைக் கண்டு உசாவினார். சென்ற ஆண்டு வேண்டாததைச் சொல்லிய கோயிற்பிள்ளை, இவ்வாண்டு சொல்ல வேண்டிய யாவற்றையும் சொன்னார். தையற்பொறியை உள்ளே விடாததையும், பொத்தானை மறுத்ததையும் ஒளிக்கவில்லை. ஆய்வாளர் அக்கட்டிலின் விளிம்பில் அமர்ந்துவிட்டார்.

"கால்ல மிதிக்கிற மெஷின் தானேங்க? நோயாளியோட ஆளு பக்கத்துல உக்காந்து தைக்கிறதுக்கு ஒரு தடையும் இல்லையே. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

ஆய்வாளர் தாளை எடுத்து, சலுகை பெறும் இடங்கள் எல்லாவற்றிலும் கேட்கும் வினாவைத் தாழ்ந்த குரலில் படித்தார். மின் இம்மதிலைத் தாண்டி எங்கேனும் செல்கின்றதா?

"இல்லீங்க" என்றார் கோயிற்பிள்ளை.

அவ்வாறே எழுதப்பட்டது, பன்னிரண்டு கட்டிலுக்கும் சலுகை நிலைத்தது. அறம் செய்யும் இடங்களுக்குக் கட்டணம் குறைப்பது தகுமா தகாதா என்று அறிந்தோர் அவைகளில் வழக்காடட்டும். இருபுறமும் நேர்மை உண்டு. ஆயின், எழுதிய விதி தையற்காரரையும் அவர் மனைவியையும் பிரிக்கவில்லை என்பதையும், எழுதாத ஒன்றுக்கு அஞ்சிய நல்லவர் ஒருவரே பிரித்தார் என்பதையும் எந்த அவையில் சொல்வது? இன்றும் முற்பகல் வேளைகளில் மதிலுக்கு அப்பால் தையற்பொறி ஓடுகின்றது. கோயிற்பிள்ளை சாளரத்தைச் சாத்துவதில்லை. அது நிற்கும்வரை அக்கட்டிலருகே நின்று கேட்டுவிட்டே மணி அடிக்கச் செல்கின்றார்.