நேரே வருவது நகராது

"பருந்துன்னு ஆரம்பிக்கட்டுமா?" என்று கேட்டார் சபார் பெரியப்பா.

ஷோல்பான் கியரை மாற்றினாள். ஜீப் இருமிக்கொண்டே மேட்டில் ஏறியது. கீழே அல்மாட்டி நகரம் எப்போதோ புகைமூட்டத்துக்குள் கரைந்து போயிருந்தது.

"என்ன பருந்து?"

"கையில உக்காந்திருந்த பருந்து கயித்த அறுத்துக்கிட்டுப் பறந்துருச்சு, இனிமே அந்தக் கை என்ன பண்ணும்னு கேக்கணும். எங்கப்பா போனப்ப எங்கம்மாகிட்ட அப்படித்தான் சொன்னாங்க. கேட்டதும் அப்படியே தரையில விழுந்துட்டா."

"எங்கம்மா விழமாட்டாங்க. கயிறு ஏன் அறுந்துச்சுன்னு கேப்பாங்க."

துக்கத்துக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வரும் வெல்வெட் தொப்பி பெரியப்பாவின் தலையில் இருந்தது. 

"அப்ப நட்சத்திரம்னு சொல்றேன். அவ தொழிலாச்சே. டக்குனு புரிஞ்சுக்குவா."

"ஏதோ ஒண்ணு சொல்லுங்க. நீங்கதான் சொல்லணும். அப்புறம், அந்தத் தொப்பியக் கழட்டுங்க பெரியப்பா. பார்த்ததுமே தெரிஞ்சிடும்."

"தெரியணும்னுதானேடி போறோம்!"

ஆனாலும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

விடியற்காலையில் அப்பா போய்விட்டார். டிராலி பஸ் ஓட்டியவர். பஸ் தாமதமானால் பயணிகளிடம், "என் பொண்டாட்டி ஆராயுற நட்சத்திரம் நம்ம பக்கம் வர்றதுக்குப் பதிமூணு லட்சம் வருஷம் ஆகும், அவளே சும்மா இருக்கா, உங்களுக்கு என்ன அவசரம்?" என்று கேட்பார். நேற்று இரவு படுக்கையில் கிடந்தபடி ஷோல்பானின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது ஒன்றுதான். "அம்மாவுக்குப் போன்ல சொல்லிடாத. பெரியப்பாவக் கூட்டிட்டுப் போ. மொறையா சொல்லுங்க."

மரணத்தை அங்கே யாரும் நேராகச் சொல்வதில்லை. பெரியவர் ஒருவர் போய், வேறொன்றில் பொதிந்து கையில் கொடுப்பார். கேட்பவர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரித்த பிறகுதான் அழுகை. அதுவரை அந்தச் சொல்லை யாரும் உச்சரிக்கக் கூடாது.

அம்மா பிரிக்காமலேயே வைத்துவிட்டால்?

நாளை மதியம் அப்பாவை எடுத்துவிடுவார்கள். இன்று பொழுது சாய்வதற்குள் அம்மா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாக வேண்டும். வீட்டில் அத்தைகள் இப்போதே ஆரம்பித்துவிட்டார்கள். "அவ வருவாளா? வந்தாலும் அழுவாளா? கணக்குல ஏதாச்சும் மிச்சம் இருக்குன்னு சொல்லுவா, பாரு."

வானாய்வுக்கூடத்தின் சமையலறை ஜன்னலருகே நின்றிருந்தாள் அம்மா ராபிகா. ராத்திரி முழுக்க வேலை பார்த்தவர்கள் தூங்கும் நேரம் அது. அவள் தூங்கியிருக்கவில்லை. 

"வாங்க அத்தான். வா ஷோல்பான். டீ போட்டு வெச்சிருக்கேன்."

எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. மூன்று கிண்ணங்களில் பால் டீ ஊற்றினாள். பொரித்த மாவு உருண்டைகளைத் தட்டில் கொட்டினாள். பெரியப்பா ஒன்றை வாயில் போட்டு, மென்று, விழுங்கி, தொண்டையைக் கனைத்தார். தொப்பியை எடுத்து மறுபடி தலையில் வைத்துக்கொண்டார்.

"ராபிகா... நம்ம வீட்டுப் பக்கமா ஒரு நட்சத்திரம் இருந்துச்சு. நல்ல வெளிச்சம். நம்மகிட்டவே இருந்துச்சு. அது இப்ப... நம்மளக் கடந்து போயிருச்சும்மா."

கெட்டில் சன்னமாகச் சீறிக்கொண்டிருந்தது.

"இன்னும் வரவே இல்லையே அத்தான்," என்றாள் ராபிகா.

"என்னது?"

"அது வர்றதுக்கு இன்னும் பதிமூணு லட்சம் வருஷம் இருக்கு."

பெரியப்பா திகைத்துப்போய் ஷோல்பானைப் பார்த்தார். "பருந்துன்னே சொல்லித் தொலைச்சிருக்கலாம்," என்று முணுமுணுத்தார்.

ராபிகா கிண்ணத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். மெதுவாக, தூக்கத்தில் பேசுவதைப்போல. 

"எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்கறாங்க. வந்து மோதிடுமான்னு. மோதாது. சூரியனச் சுத்தி ரொம்ப தூரத்துல பனிக்கட்டிங்க மொதக்குதில்ல, அதுக்குள்ள பூந்து போகும். கொஞ்ச காலம் ராத்திரி வானத்துல அதவிட வெளிச்சமா இன்னொரு நட்சத்திரம் இருக்காது. ஆரஞ்சு நெறம். அப்ப பொறக்குற கொழந்தைங்க, அது எப்பவும் அங்கயேதான் இருக்கும்னு நெனச்சுக்கும். அப்புறம் போயிரும். அது கலைச்சுவிட்ட பனிக்கட்டிங்க மட்டும், அது போய் ரொம்ப நாள் கழிச்சு, ஒண்ணு ஒண்ணா நம்ம பக்கம் வந்துக்கிட்டே இருக்கும்."

ஜன்னல் சட்டத்தின் நிழல் மேஜை மேல் நீண்டிருந்தது. ஷோல்பான் பொறுக்காமல் வாயைத் திறந்தாள். 

"அம்மா, அப்பா..."

பெரியப்பாவின் கை அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. தலையை அசைத்தார். கூடாது.

அம்மா மகளைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத எப்படிக் கண்டுபிடிச்சோம் தெரியுமா? மத்த நட்சத்திரமெல்லாம் கொஞ்சமாச்சும் எடம் மாறும். இது மாறவே இல்ல. அசையாம நின்னுச்சு. நம்மளப் பார்த்து நேரா வர்றது நகர்ற மாதிரியே தெரியாது." கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "உங்க ஜீப்ப நான் மேல இருந்தே பார்த்தேன். வளைவுல எல்லாம் இப்படியும் அப்படியுமா நகர்ந்துச்சு. இவ தனியா வந்தாலும் வருவான்னு இருந்தேன். அப்புறம் கடைசி நேர்ப்பாதை. முன்சீட்டுல நீங்க, அத்தான். மடியில தொப்பி. அதுக்கப்புறம் அது நகரவே இல்ல."

ராபிகா ஜன்னலிலிருந்து திரும்பி அவர்களைப் பார்த்தாள். 

"எப்ப கடந்துச்சு?" என்று கேட்டாள்.

பெரியப்பா சொன்னார், "விடியக்காலத் தொழுகைக்கு முன்னாடிம்மா."

"பக்கத்துல யாரு?"

"நான்மா," என்றாள் ஷோல்பான்.

"சிரமப்பட்டுச்சா?"

"இல்லம்மா. மெதுவாத்தான். ஸ்டாப்பிங்ல பஸ்ஸ நிறுத்துற மாதிரி."

ராபிகா தலையசைத்தாள். மகள் சொன்னதைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டதுபோல இருந்தது அந்தத் தலையசைப்பு.

உடைந்தது பெரியப்பாதான். "ஐயோ என் தம்பி!" என்று மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். அவருக்குப் பின்னால் நின்று அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாள் ராபிகா. பிறகு அடுப்பை அணைத்தாள். கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்தாள். கோட்டை மாட்டிக்கொண்டாள். அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் ஷோல்பான். அதில் ஒன்றுமே இல்லை. கண் ஓரத்தில்கூட ஈரமில்லை. அத்தைகள் காத்திருக்கும் அறைக்குள் இந்த முகத்தோடு எப்படி அழைத்துக்கொண்டு போவது?

பெரியப்பா பின்சீட்டில் அழுது ஓய்ந்து கண் மூடிவிட்டார். அம்மா முன்னால் உட்கார்ந்தாள். இறக்கத்தில் வெயில் மஞ்சளாகிக்கொண்டே வந்தது.

இரண்டாவது வளைவு தாண்டியதும் பாதை அடைபட்டிருந்தது. கீழ்ச்சரிவில் மேய்ந்த மந்தை ஒன்று இரவுத் தொழுவத்துக்காக மலை ஏறி எதிரே வந்துகொண்டிருந்தது. நூற்றுக்கணக்கான ஆடுகள். முதுகில் சிவப்புச் சாயம். குதிரைமேல் இருந்தவன் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டான்.

ஷோல்பான் ஜீப்பை நிறுத்தினாள். சூரியனைப் பார்த்தாள். ஹாரன் மேல் கை போனது.

அம்மா கண்ணாடியை இறக்கினாள்.

மந்தை ஜீப்புக்கு முன்னால் இரண்டாகப் பிரிந்து, இரு பக்கமும் உரசாமல் ஒழுகியது. புழுதி பொன்னிறமாக எழுந்தது. எங்கோ ஒரு மணி கிணுகிணுத்தது. அம்மா கையை வெளியே நீட்டி, விரல்களை விரித்து வைத்துக்கொண்டாள். முதல் ஆடுகள் விலகிப் போயின. பிறகு ஒன்றின் கம்பளி முதுகு விரலில் பட்டது. இன்னொன்று. இன்னொன்று.

ஷோல்பான் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

கடைசி ஆடும் போயிற்று. குதிரைக்காரன் போனான். புழுதி அடங்கிப் பாதை தெளிந்தது. அம்மாவின் கை இன்னும் வெளியேதான் இருந்தது, விரல்கள் விரிந்தபடி.

ஷோல்பான் வண்டியைக் கிளப்பவில்லை.