நூற்றில் ஒரு வரி

கண்ணாடி அறைக்குள் இருந்த பழைய சர்வர் கணினிக்கு அந்த மருந்து நிறுவன அலுவலகத்தில் 'ஹெட்மாஸ்டர்' என்று பெயர். ஒரு நேரத்தில் ஒருவர் சொல்வதைத்தான் கேட்கும்; இரண்டாவது ஆள் வாய் திறந்தால் விறைத்துக்கொண்டு நின்றுவிடும். அதனால் அறைக் கதவில் ஒரு முறைப்பட்டியல் தொங்கியது. யாருக்கு எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம் என்று அதில் எழுதுபவர் மூத்த பொறியாளர். இருபத்தாறு ஆண்டுகளில் ஒருவரைத் தாண்டி இன்னொருவரை அவர் நுழைத்ததில்லை. முதலாளியின் மருமகனே வந்து நின்றபோதும், "வரிசையில வாங்க" என்றார்.

இப்போது ஹெட்மாஸ்டருக்கு ஓய்வு. நிறுவனத்தின் குளிர் அறைகள் பத்து வினாடிக்கு ஒருமுறை அனுப்பும் வெப்பம், கதவு, மோட்டார் அளவுகள் எல்லாம், பழையவை உட்பட, இணையம் வழியே வாடகைக்கு எடுத்த 'கிளவுட்' கணினிகளில் உள்ள டேட்டா வேர்ஹவுஸ் என்ற தரவுக் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. அங்கே வரிசை கிடையாது. வேலை பெரிதானால் அதற்கேற்ப இயந்திரமும் பெரிதாகும், முடிந்ததும் சுருங்கிக்கொள்ளும். ஒருவர் வேலை இன்னொருவர் மேல் இடிக்காது. ஒரு விடைக்காக வாரக்கணக்கில் கன்னத்தில் கைவைத்துக் கிடந்தவர்கள், இப்போது மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மூன்று விடை எடுத்துவிடுகிறார்கள்.

"சார், பழைய முடிவும் புதுசும் ஒத்துப்போகுதான்னு பார்க்கணும். உங்க ரிப்போர்ட்ல ஒண்ணு குடுங்க," என்றாள் இந்த மாற்றத்தைச் செய்த பெண் பொறியாளர். "ஹெட்மாஸ்டர் மானத்தை வாங்காத மாதிரி நல்லதா பார்த்துக் குடுங்க."

அவர் யோசிக்கவே இல்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் மூன்றாம் குளிர் அறையில் மருந்து கெட்டுப்போன விசாரணை அறிக்கையை எடுத்து வைத்தார். அறைப் பொறுப்பாளர் அவருடைய சொந்தத் தம்பி. வேறு ஆளிடம் கொடுக்கலாம் என்று நிர்வாகம் சொல்லியும், "எங்க வீட்டு ஆளுக்காக நான் ஒதுங்கினேன்னு ஒரு சொல் வரக்கூடாது" என்று கேட்டு வாங்கிச் செய்தார். கதவைத் திறந்து போட்டது பொறுப்பாளரின் தவறு என்று எழுதிக் கையெழுத்திட்டார். தம்பிக்கு வேலை போயிற்று. அண்ணன் வீட்டு வாசலும் அன்றோடு அடைபட்டது.

தம்பி அப்போது ஒன்றுதான் கேட்டான். "அண்ணா, முழுசா ஓட்டிப் பாருங்க. நான் திறக்கறதுக்கு முன்னாடியே உள்ள சூடு. பெட்டிகளை அடுத்த அறைக்கு மாத்தத்தான் திறந்தேன்."

எல்லா அளவுகளையும் ஓட்டினால் இரண்டு நாள் ஆகும். பட்டியலில் அவருக்கு இருந்தது மூன்று மணி நேரம். "என் தம்பிங்கறதுக்காக அடுத்தவன் முறையைப் பிடுங்கச் சொல்றியா?" என்றார். ஒவ்வொரு அளவும் பதிவில் ஒரு வரி; எல்லோரும் செய்வதுபோல் நூறு வரிக்கு ஒரு வரியை மட்டும் எடுத்து ஓட்டினார்.

அந்தப் பெண் முதலில் அதே நூற்றில் ஒரு வரியை ஓட்டினாள். "அச்சு அசல் அப்படியே வருது சார்."

"வரும்," என்றார் அவர், நாற்காலியில் நிமிர்ந்து.

"இப்ப முழுசா."

அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடுவதற்குள் முடிந்துவிட்டது. திரையைப் பார்த்தவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

"சார், இது ஒத்துப்போகல."

கதவு திறக்கும் முன்பே குளிரூட்டும் மோட்டார் மூன்று முறை நின்றிருந்தது. ஒவ்வொரு முறையும் ஆறு நிமிடம். ஒவ்வொரு முறையும் வெப்பம் எல்லையைத் தாண்டியிருந்தது. அவர் எடுத்த ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே பதினேழு நிமிடம். மூன்றும் அந்த இடைவெளிகளுக்குள் விழுந்து மறைந்திருந்தன. அவர் எடுத்த வரிகளில் அகப்பட்டது திறந்த கதவு மட்டும்.

"அந்தப் பொறுப்பாளர் இப்ப எங்க இருக்கார் சார்? முதல்ல அவர்கிட்ட சொல்லணுமே."

"என் தம்பிதான்மா. போன வருஷம் போயிட்டான்."

அவள் எழுந்து இடம் விட்டாள். அவரே கணினி முன் உட்கார்ந்து, 'என் அறிக்கை தவறு, பொறுப்பாளர் குற்றமற்றவர்' என்று எழுதினார். இரண்டு பிரதி எடுத்துக் கையெழுத்திட்டார். ஒன்றை நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டு, மற்றதோடு தம்பி வீட்டுக்குப் போனார். சாவுக்கு வந்தபோதுகூடத் தெருவில் நின்றுவிட்டுத் திரும்பிய வீடு.

தம்பி மனைவி கதவைத் திறந்து, காகிதத்தை வாங்கி நின்றபடியே படித்தாள்.

"முழுசா ஓட்டிப் பார்த்தீங்களா மாமா?"

"பார்த்தேன்மா."

"எத்தனை நாள் ஆச்சு?"

பொய் சொல்லிப் பழகாத நாக்கு. "நாற்பது வினாடி."

அவள் காகிதத்தை நான்காக மடித்தாள். "நான் உங்களைத் திட்டுறப்பல்லாம் அவர் என்னைத்தான் அடக்குவார். 'அண்ணன் என்னடி பண்ணுவார், எனக்காக ரெண்டு நாள் வரிசையை நிறுத்த முடியுமா'ன்னு."

"நாளைக்கு ஆபீஸ் பலகையில இதை ஒட்டுவாங்க. அவன் பேரு..."

"ஒட்டட்டும். பார்க்கத்தான் அவர் இல்ல." ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உட்காருங்க மாமா."

அவர் உட்காரவில்லை. வாசல் நிலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, முதுகு வளைந்து நின்றார்.