பச்சை வந்த கிணறு

குற்றாலத்தில் சாரல் தொடங்கி எங்கள் ஓடையிலும் தண்ணீர் வந்திருந்தது. காலை ஏழு மணிக்கு நிலோபர் அதில் சாயத்தைக் கொட்டினாள். டப்பாவில் செங்கல் தூள் நிறம், தண்ணீரில் விழுந்ததும் பச்சை. ஓடையின் நடுவே சுண்ணாம்புப் பாறையில் ஓர் ஆள் இறங்கும் அகலத்துக்கு ஒரு பொந்து. பச்சைத் தண்ணீர் சுழித்துக்கொண்டு அதற்குள் போனது. அது ஒரு கிலோமீட்டர் கீழே, ஆய்க்குடிப் பக்கம், என் எலுமிச்சைத் தோட்டத்துக் கிணற்றில் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

வரவேண்டும் என்று நான் கும்பிடாத சாமி இல்லை. ஓடைக்கு மேலே ஞானசம்பந்தத்தின் கோழிப்பண்ணை. பத்து வருடமாக அந்தக் கழிவு ஓடையில்தான் விழுகிறது. போன கார்த்திகையில் என் மகள் முப்பிடாதி வாந்தியும் பேதியுமாகக் கிடந்து மூன்றாம் நாள் செத்துப்போனாள். ஒன்பது வயது. கிணற்றுத் தண்ணீரில் கிருமி என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளோடு பண்ணைக்குப் போனேன்.

"ஏலே தங்கசாமி, ஓடை போறது கொளத்துக்குல்லா? ஒன் கெணத்துக்கு ரெக்கை மொளைச்சா வந்துச்சு?" என்று சிரித்தான்.

ஏழு மாதமாக அந்தச் சிரிப்போடுதான் படுத்து எழுகிறேன். நிலத்தடித் தண்ணீரை ஆராய்ச்சி செய்யும் கடையநல்லூர்ப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, நானே போய் நிலோபரை அழைத்து வந்தேன்.

"மண்ணுன்னா தண்ணிய வடிகட்டும், அண்ணாச்சி. இந்தப் பாறை உள்ள அரிச்சு அரிச்சு குழாய் மாதிரி கெடக்கும். மேல என்ன விழுதோ அதுதான் கீழ வரும்."

மத்தியானம் கிணற்றின் மேற்குச் சுவரில், கல் இடுக்கிலிருந்து பச்சை இறங்கியது. என் மனைவி சங்கரேஸ்வரி கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"வந்துட்டு. இனி அவன் கம்பி எண்ணட்டும்" என்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

நிலோபர் முகத்தில் சந்தோஷம் இல்லை. "கழிவு பத்து வருசமா வருதுன்னீங்க. முன்னால கெணறு நல்லாத்தான இருந்துச்சு? பொந்தோட வாயில கல்லு புதுசா ஒடைஞ்சிருக்கு. யாரு தொறந்தது?"

போன வருடம் சித்திரையில் கிணறு வற்றி எலுமிச்சை கருகியது. ஓடைப் பாறையில் கை நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு இருந்தது. அதைப் பெரிதாக்கினால் மழைத் தண்ணீர் இறங்கிக் கிணறு ஊறும் என்று தோன்றியது. கடப்பாரையும் சம்மட்டியுமாகப் பதினோரு நாள் உடைத்தேன். ஆனியில் கிணறு எட்டடி ஏறியது. ஊரே என் மூளையைப் புகழ்ந்தது.

இந்த ஏழு மாதத்தில் அந்த நினைப்பு வராமல் இல்லை. வரும்போதெல்லாம் ஞானசம்பந்தத்தைத் திட்டி அதை விரட்டினேன்.

"வெள்ளத்துல ஒடைஞ்சிருக்கும்" என்றேன்.

சங்கரேஸ்வரி கிணற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இவியதான் ஒடைச்சாவ. நான் சோறு கொண்டு போவேன். புள்ளையும் கூட வருவா. ஒடைஞ்ச கல்லையெல்லாம் அவதான் பொறக்கி ஓரமா அடுக்குனா."

காலையில் சாய டப்பாவை அந்தக் கல்வரிசையின் மேல்தான் வைத்திருந்தேன்.