பிடித்தம் போக

ஞாயிற்றுக்கிழமை காலை, சிங்காரவேலின் குவார்ட்டர்சில் பெண்பிள்ளைகள் இருவருக்கும் சம்பள நாள். சுரங்கத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக நிரந்தரத் தொழிலாளியாக இருக்கும் அவர், பிள்ளைகளுக்குச் சேமிப்பைக் கற்பிக்கத் தாம் அறிந்த ஒரே முறையைக் கையாண்டார். பாத்திரம் துலக்க, மாவரைக்க, துணி மடிக்க, வீடு பெருக்க, தண்ணீர் பிடிக்க வாரத்திற்கு இருபது ரூபாய் கூலி. அதில் பதினைந்து ரூபாய் பிடித்தம். கையில் வருவது ஐந்து. பிடித்த பணம் பீரோவில் இருந்தது. பீரோவின் சாவி அவரிடம் இருந்தது.

ஒருத்தி அவருடைய மகள் இளவேனில். மற்றவள் தம்பி மகள் இசைப்பிரியா. தம்பி ராஜேந்திரன் கம்மாபுரத்தில் இருந்த நிலம் சுரங்கத்துக்குப் போனபின் ஒப்பந்தத் தொழிலாளியாகி, மந்தாரக்குப்பத்தில் மூன்று ஆண்களோடு ஓர் அறையில் தங்கியிருந்தான். தாயற்ற மகளை அங்கே வைத்துக்கொள்ள இயலாமல் அண்ணன் வீட்டில் விட்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. இருவருக்கும் ஒரே கூலி, ஒரே பிடித்தம். தாம் ஓரவஞ்சனை செய்வதில்லை என்று சிங்காரவேல் நம்பினார். நம்பியதோடு நில்லாமல் சொல்லிக்கொண்டும் இருந்தார்.

2014-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இசைப்பிரியாவுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் இரண்டாயிரத்து நூற்றைம்பது ரூபாய் கட்டாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். தந்தைக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

“ரெண்டு மாசமா கான்ட்ராக்டரு இன்னிக்கு நாளைக்குன்னு சொல்லிகினே இருக்கான் பாப்பா. உன் பணந்தான் பெரியப்பாகிட்ட இருக்குதே, கேளேன்.”

வியாழன் மாலை கேட்டாள்.

“உம் பேர்ல எவ்ளோ இருக்கு?” என்றார் சிங்காரவேல்.

“ரெண்டாயிரத்து முந்நூத்து நாப்பது பெரியப்பா.”

“பார்றா! இதுதான் எனக்கு வேணும். கணக்கு வாயில நிக்குது.” உண்மையாகவே மகிழ்ந்தார். பிறகு கூலிக் கணக்கு எழுதும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தைத் திறந்து வைத்தார். “ரூல் என்ன? படி.”

“‘வேலையில் நின்றால் மட்டுமே பிடித்தம் திருப்பித் தரப்படும்.’”

“அவ்ளோதான். வேலைய விட்டு நின்னாதான் பணம். நடுவுல எடுத்தா அது சேமிப்பா?”

இசைப்பிரியா அந்த வரியை மறுபடியும் பார்த்தாள். “வேலையில்னுதானே பெரியப்பா எழுதியிருக்கீங்க? வேலையில நின்னா. நான் மூணு வருஷமா நின்னுகினுதானே இருக்கேன்?”

அடுப்படியிலிருந்து பெரியம்மா தமயந்தி சிரித்தாள். “கிரைண்டர் முன்னாடி அவ நின்னது நெசந்தான். நல்லா மாட்டிக்கினீங்க.”

‘வேலையிலிருந்து’ என்று எழுதியிருக்க வேண்டும். உருபை அரைகுறையாக விட்டவர் சிங்காரவேல். அந்தப் பிழையின் பயன் படித்தவளைச் சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் அவர் மகளின் இலக்கணப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். ‘இல்’ என்னும் உருபு ஏழாம் வேற்றுமைக்கு மட்டும் உரியதன்று. ஐந்தாம் வேற்றுமையில் நீங்கல் பொருளிலும் வரும். அது அங்கே அச்சாகியிருந்தது.

“நீங்கல்! பாத்தியா? நீங்குனாதான் பணம்.” விரலால் தட்டிக் காட்டினார். “யாரு வேணாங்கிறா? நின்னுக்க. எழுதிக் குடு, இப்பவே எண்ணித் தரேன்.”

“நின்னா, நான் எங்க பெரியப்பா இருக்கிறது?”

“வேலை செய்யாதவங்களுக்கு இந்த வீட்ல சோறு கெடையாது. எனக்கும் அதே ரூல்தான்.”

பணத்தைப் பெற்றால் வீடு போகும். வீடு போனால் படிப்பு போகும். பணத்தைப் பெறாவிட்டால், வீடு இருக்கும், படிப்பு போகும். ஓர் உருபுக்கு இரண்டு பொருள் இருப்பது மொழியின் வளம். அந்த வளத்தையே எடுத்து ஒரு பெண்ணின் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போட்டுவிட்டு, அவர் கைகழுவிச் சாப்பிட உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் இளவேனில் தந்தையின் முன் ஒரு தாளை வைத்தாள். ‘நான் வேலையிலிருந்து நிற்கிறேன். என் பிடித்தத்தைத் தரவும்.’

“என்னடி வெளையாட்டு?”

“ரூல்தானப்பா. எண்ணுங்க.”

“சோறு கெடையாது, தெரியும்ல?”

“சரி. போடாதீங்க.”

தமயந்தி கரண்டியோடு வெளியே வந்தாள். “பெத்த பொண்ணு பட்டினி கெடக்கிற வீடு எந்த பிளாக்ல இருக்குன்னு நானும் பாக்கறேன். எண்ணிக் குடுங்க, இட்லி ஆறுது.”

அவர் எண்ணிக் கொடுத்தார். இளவேனிலின் தட்டில் நான்கு இட்லிகள் விழுந்தன. சட்னியும் வந்தது. தன்னிடம் ஒரு வீட்டை விலையாகக் கேட்ட அதே வரி, இளவேனிலிடம் ஒரு தாளை மட்டுமே கேட்டதை இசைப்பிரியா நின்று பார்த்தாள்.

“இந்தா,” என்று இளவேனில் பணத்தை அவள் பையில் திணித்தாள். “திருப்பிக் குடுக்கறேன்னு மட்டும் வந்த, கொன்னுடுவேன்டி. ஓடு.”

பதினொன்றரை மணிக்கு இசைப்பிரியா பணம் கட்டி ரசீது பெற்றாள். இடம் அவளுடையதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சிங்காரவேல் புதிய வேலைப் பட்டியலைச் சுவரில் ஒட்டினார். பாத்திரம், மாவு, துணி, துடைப்பம், தண்ணீர் எல்லாவற்றுக்கும் நேரே இசைப்பிரியாவின் பெயரே இருந்தது.

“ஒரு ஆளு நின்னுட்டா இருக்கற ஆளுதான் பாக்கணும். எங்க ஷிஃப்ட்லயும் அப்டித்தான்,” என்றார் கனிவாக. “ஆனா உன்ன ஏமாத்த மாட்டேன். இனிமே வாரம் நாப்பது ரூபா. பிடித்தம் முப்பது.”

இளவேனில் எழுந்து துடைப்பத்தை எடுத்தாள்.

“வைடி. பேரு வெட்டுன ஆளு வேலையத் தொடக் கூடாது. அப்புறம் கணக்கு எப்படி நிக்கும்?”

இளவேனில் துடைப்பத்தைப் பிடித்தபடியே இசைப்பிரியாவைப் பார்த்தாள். இசைப்பிரியா அதை அவளிடமிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

“கையெழுத்துப் போடு,” என்று சிங்காரவேல் பேனாவை நீட்டினார்.

போட்டாள். டிப்ளமோ மூன்று ஆண்டு. வகுப்பு காலை எட்டரை மணிக்கு. பெரியம்மாவின் கைப்பேசியைக் கேட்டு வாங்கி, நான்கு மணிக்கு அலாரம் வைத்தாள்; சற்று யோசித்து அதை மூன்றரையாக மாற்றினாள்.