கேள்வியில்லாத இருநூற்றுப் பதினொரு நாட்கள்

உலகின் எந்தப் போர்முனையில் ஒரு படைவீரன் விழுந்தாலும், அவனைத் தூக்கி நிறுத்தும் கை கனமூலையிலிருந்தே நீள்கிறது. சர்வதேச மருத்துவக் குறியீட்டு மேன்மை மையத்தின் பணிப்பாளர் நெய்னார் ஒவ்வொரு வாரத்தையும் இப்படித்தான் தொடக்கிவைப்பார். மையம் கனமூலைக் கிராமத்தில் ஒரு கோழித்தீன் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. ஆறு கணினிகள், ஐந்து கதிரைகள். பிந்தி வருபவர் தீன் மூட்டையில் உட்காருவார்.

வேலை இதுதான். வெளிநாட்டு இராணுவம் ஒன்றின் ஆஸ்பத்திரியிலிருந்து டொக்டர்மாரின் குறிப்புகள் பெயர் நீக்கப்பட்டு வரும். காயத்துக்கு ஓர் இலக்கம், காயம் வந்த காரணத்துக்கு ஓர் இலக்கம் போட வேண்டும். அந்த இலக்கத்தைப் பார்த்துத்தான் அங்கே சிப்பாயை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று முடிவாகும். டொக்டர் எழுதாததற்கு இலக்கம் போட முடியாது. சந்தேகம் வந்தால் டொக்டருக்கே கேள்வி அனுப்பலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. நெய்னாருக்கு அந்தச் சட்டம் பிடிக்காது. கேள்வி போனால் மையத்துக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடுவார்களாம். அதனால் சுவரில் ஒரு கரும்பலகை: ‘கேள்வியின்றி 211 நாட்கள்.’

வெள்ளிக்கிழமை காலை குறியீட்டாளர் ஸாஜிதாவின் திரையில் முப்பத்தொரு வயதுச் சிப்பாய் ஒருவரின் கோப்பு வந்தது. ரோந்து வாகனத்திலிருந்து விழுந்தார் என்றிருந்தது. வெளிக்காயம் இல்லை. தலை ஸ்கேனில் ஒன்றுமில்லை. இரண்டு காதுச் சவ்வும் கிழிந்திருந்தன. ஓயாத தலையிடி. மனைவியின் பெயர் சில வேளை நினைவுக்கு வருவதில்லை. திங்கட்கிழமை கடமைக்குத் திரும்பலாம். கடமை, கண்ணிவெடி தேடுவது.

“லக்சனா, விழுந்த ஆளுக்கு ரெண்டு காதும் எப்படிக் கிழியும்?”

பக்கத்துக் கதிரை லக்சனா திரும்பாமலே சொன்னாள். “காதால விழுந்திருப்பார்.”

“ரெண்டு காதாலயுமா?”

அப்போதுதான் லக்சனா திரும்பினாள்.

ஸாஜிதா எழுந்து நெய்னாரின் மேசைக்குப் போனாள். “சேர், இது விழுந்த கேஸ் இல்ல. வெடி. டொக்டர்ட்ட கேக்கணும்.”

“எழுதியிருக்கிதா வெடியெண்டு?”

“இல்ல.”

“அப்ப நீங்க எங்க நிண்டு பாத்தீங்க, மகள்?”

“உச்சமுனைக் கடக்கரையில. எங்கட மக்பூல் மாமாக்குப் பக்கத்தில மீனுக்குப் போட்ட டைனமைட் வெடிச்சது. மேலில ஒரு கீறல் இல்ல. ரெண்டு காதும் கிழிஞ்சி. சுகமெண்டு செல்லி அனுப்பினாங்க. மத்தக் கிழமை வேற ஆள்ர போட்டை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போயிட்டார். தன்ட போட் எதெண்டு தெரியல்ல.”

“மீன் பிடிக்கிற கதையை இராணுவ ஆஸ்பத்திரிக்குச் செல்லச் செல்றீங்களா?”

“கதை செல்லமாட்டன் சேர். கேள்விதான் கேப்பன். கிட்ட வெடி ஏதும் வெடிச்சதா? ஒரு வரி.”

நெய்னார் கதிரையில் நிமிர்ந்தார். “இருநூற்றிப் பதினொரு நாள்! டொக்டர்மாரைக் கேள்வி கேக்கிற ஆக்களா நாங்க? விழுந்ததுக்குரிய இலக்கத்தைப் போடுங்க. ஒரு கோப்புக்கு நாலு நிமிஷம்.”

“போட்டா அந்த மனுஷன் திங்கக்கிழமை கண்ணிவெடி தேடப் போவார். பொண்டாட்டிர பேரே நினைவில்லாத ஆள் கால் வெச்ச இடத்தை நினைவில வெச்சிருப்பாரா?”

“அது அவங்கட பாடு. நீங்க அனுப்பினா நாளைக்கு வரத் தேவையில்ல.”

“நாளைக்குச் சனிக்கிழமை சேர். லீவு.”

அவர் பார்த்துக்கொண்டிருக்கவே தன் இடத்துக்குப் போய் ஒற்றை வரியைத் தட்டி அனுப்பினாள். பிறகு சோக்குக் கட்டியை எடுத்து, பலகையில் இருநூற்றுப் பதினொன்றை அழித்துவிட்டு, பூச்சியத்தைப் பெரிதாக, வாசலில் நின்றாலும் தெரியுமளவுக்கு எழுதினாள்.

“இது ஒழுக்கமில்லாத வேலை!” என்றார் நெய்னார்.

“ஓம் சேர்,” என்றாள் ஸாஜிதா.

ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகியிருந்ததால் மிச்ச ஏச்சை அவர் ஒத்திவைத்தார். அவர் தொப்பியோடு திரும்பி வந்தபோது பதில் வந்திருந்தது. லக்சனா உரக்க வாசித்தாள். முன்னால் போன வாகனத்தின் கீழ் கண்ணிவெடி வெடித்தது உண்மை, அந்த வெடியின் அதிர்வில்தான் இவர் தூக்கி வீசப்பட்டார், அவசரத்தில் விழுந்ததை மட்டும் எழுதிவிட்டேன், திங்கட்கிழமைக் கடமை இரத்து, மூளைக் காயப் பிரிவுக்கு அனுப்பியாயிற்று, நன்றி. கீழே ஆஸ்பத்திரி நிர்வாகம் ஒரு வரி சேர்த்திருந்தது. இந்தக் கேள்வியைக் கேட்டவரைப் பாராட்ட விரும்புகிறோம். பெயரையும் குறியீட்டாளர் பரீட்சையில் சித்தியடைந்தபோது கிடைத்த பதிவிலக்கத்தையும் இணைத்துள்ள படிவத்தில் இன்றே அனுப்பவும்.

நெய்னார் தொண்டையைச் செருமினார். “எங்கட மையம் ஆரம்பத்திலிருந்தே கேள்வி கேக்கிற மையம்.”

ஸாஜிதா அடுத்த கோப்பைத் திறந்துவிட்டிருந்தாள். அவர் அவளுடைய திரையை எட்டிப் பார்த்தார். “அதிலயும் ஏதும் கேக்க இரிக்கிதா, மகள்?”

“இரிக்கிது.”

“கேளுங்க, கேளுங்க.”

பிறகு தன் மேசையில் அமர்ந்து பாராட்டுப் படிவத்தை நிரப்பத் தொடங்கினார். பெயர் என்ற இடத்தில் ‘நெய்னார், பணிப்பாளர்’ என்று எழுதினார். பதிவிலக்கம் என்ற இடத்தில் அவருடைய விரல் நின்றது. அவர் அந்தப் பரீட்சையை மூன்று தடவை எழுதியிருந்தார். ஒரு தடவையும் சித்தியடையவில்லை.